காணாமல் போன முந்நூற்று எண்பத்தெட்டு ஜிபி

கிரிவலப் பாதை மனுத் தீர்வகத்தின் மூன்றாம் ஆண்டு விழாவன்று, இணை இயக்குநர் அருணகிரி குத்துவிளக்கு ஏற்றும் படத்தைக் கணினி வாங்க மறுத்துவிட்டது. இடமில்லை என்றது. அந்த அலுவலகத்தில் அவரிடம் இதுவரை யாரும் எதையும் மறுத்ததில்லை. ஒருவேளை படம் சரியில்லையோ என்று விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் ஏற்றினார். ஆறு முறை ஏற்றினார். ஆறாவது படத்தையும் கணினி வாங்கவில்லை. வந்திருந்தவர்கள் ஆறு முறையும் கை தட்டினார்கள்.

தீர்வகம் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் அதில் நடக்கிறது. நடக்கிறவர்களுக்கும், அவர்கள் நடந்து போன பிறகு அங்கேயே குடியிருக்கிறவர்களுக்கும் குறைகள் இருக்கும் அல்லவா? அந்தக் குறைகளைச் செல்பேசியில் படமாகவோ வீடியோவாகவோ அனுப்பினால் தீர்த்து வைப்பதற்காகச் செங்கம் சாலையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துத் திறந்தார்கள். கீழே வெளிநாட்டுக்காரர்களுக்கு இஞ்சி டீ விற்கிற கடை. மேலே தீர்வு. மூன்று ஆண்டுகளில் வந்த மனுக்கள் பதினோராயிரத்து நானூற்று முப்பத்திரண்டு. தீர்க்கப்பட்டவையும் பதினோராயிரத்து நானூற்று முப்பத்திரண்டுதான்.

இந்தச் சாதனை மாலை நான்கரை மணிக்கு நடக்கும். அந்த நேரத்துக்குத் ‘தீர்வு நேரம்’ என்று பெயர். எல்லோரும் இருக்கையை விட்டு எழுந்து நிற்பார்கள். கண்காணிப்பாளர் கீதாஞ்சலி கணினிக்கு முன்னால் வந்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, அன்று வந்த மனுக்களையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘டெலிட்’ பொத்தானை அழுத்துவார். வாயிற்காவலர் மணி வெண்கல மணியை ஒருமுறை அடிப்பார். மனு கொடுத்தவர்களின் செல்பேசிக்கெல்லாம் ‘உங்கள் மனு தீர்க்கப்பட்டது. நன்றி’ என்று செய்தி போகும். பிறகு எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்கிறவள் வினோதினி. இருபத்தேழு வயது, அடி அண்ணாமலைக்காரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள், ஒப்பந்தப் பணியாளர். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை முடிந்து, பெரிய மனது பண்ணினால் புதுப்பிக்கப்படும். இந்த முறை முடிவது மாதக் கடைசியில். அவளுடைய அப்பா காசிக்கு முக்கால் ஏக்கர் நிலம் உண்டு. கிரிவலப் பாதையின் கழிவுக் கால்வாயை எங்கே கொண்டுபோய் முடிப்பதென்று தெரியாத யாரோ அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லையில் முடித்துவிட்டதால், மூன்று வருடமாக அங்கே தண்ணீரும் டீக் கோப்பைகளும்தான் விளைகின்றன. அவள் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. காசியும் முழங்கால் தண்ணீரில் நடந்தபடி வீடியோ எடுத்து மனு அனுப்பினார். மகள்தான் அதைப் பதிவு செய்தாள். அன்று மாலை நான்கரைக்கு, அதே தண்ணீரில் நின்றுகொண்டிருந்த அவருக்கு உங்கள் மனு தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. வீட்டில் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

விளக்கேற்றம் தோற்ற மறுநாள் காலை, மின்னாளுமை ஆலோசகர் சுப்பிரமணியை வரவழைத்தார்கள். வேறொரு துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தராசுகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் அவர். எதை நிறுப்பதென்றாலும் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்ற எண்ணமுடையவர். சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஒரே ஒரு கட்டளையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அது சுற்றறிக்கை எண் பதினான்காக வெளியிடப்பட்டு, லேமினேட் செய்யப்பட்டு, கணினிக்கு மேலே தொங்கியது. வட்டின் கொள்ளளவை அறிய

du -sh *

என்ற கட்டளை மட்டுமே செல்லும். கடைசியிலுள்ள உடுக்குறி, அதாவது நட்சத்திரம், ‘எல்லாம்’ என்று பொருள்படும். வேறு குறிகளைப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள்.

சுப்பிரமணி நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, ஒரு விரலால் அந்தக் கட்டளையை அடித்தார். ஒவ்வொரு கோப்புறையும் எத்தனை ஜிபி என்று வரிசையாக வந்தது. திறப்பு விழா, மறுதிறப்பு விழா, மாடிப்படி திறப்பு விழா, முதலாம் ஆண்டு விழா, ஆண்டு விழாக் காணொளியை வெளியிட்ட விழா. எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கூட்டினார். அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

“வட்டு மொத்தம் எவ்ளோம்மா?”

“ஆயிரம் ஜிபி சார். இடமில்லன்னு சொல்றப்ப அதுவே ஆயிரமும் ரொம்பிடுச்சுன்னு காட்டுது.”

“எல்லாத்தையும் கூட்டினா அறுநூத்திப் பன்னண்டு. வட்டு ஆயிரம் ஃபுல்லு. அப்ப மிச்சம் முந்நூத்தி எண்பத்தெட்டு எங்க போச்சு?”

வினோதினிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவள் உண்மையாகச் சொன்னாள். அது அவள் செய்த முதல் தவறு.

சுப்பிரமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அருகில் நின்ற அருணகிரியைப் பார்த்தார். “என் சர்வீஸ்ல படிக்கல்லுல குறைஞ்சிருக்கு, தராசுல குறைஞ்சிருக்கு. ஆனா சார், எல்லாத்தையும் எண்ணின பிறகும் குறையுதுன்னா அதுக்கு ஒரே பேர்தான். திருட்டு.”

பிற்பகலுக்குள் வினோதினி கையில் குறிப்பாணை வந்துவிட்டது. ‘தங்கள் பொறுப்பிலிருந்த முந்நூற்று எண்பத்தெட்டு ஜிபி காணாமல் போனமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்து செய்யப்படுவதுடன் காவல் துறையில் புகார் அளிக்கப்படும்.’ படித்து முடித்ததும், போலீஸ் என்ற வார்த்தையை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அன்று மாலையே வாசலில் ஒரு பதிவேடு முளைத்தது. வெளியே கொண்டு செல்லும் ஜிபி விவரம் என்று தலைப்பு. மணி அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸைக் குலுக்கிப் பார்த்தார்.

“தப்பா நெனச்சுக்காதம்மா. பாக்கச் சொல்லி ஆர்டர். அது இன்னா சைஸுல இருக்கும்?”

“கண்ணுக்குத் தெரியாதுண்ணே.”

மணி யோசித்தார். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘கண்ணுக்குத் தெரியாதது: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் மறு அளவீடு. பொய் சொல்லாமலிருக்க வேண்டும் என்பதற்காகப் பதினோரு அலுவலர்கள் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவர் அடிப்பதை இன்னொருவர் பார்க்காமல், அதே கட்டளையை அடித்தார்கள். பதினோரு பேருக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டே வந்தது. பதினோரு பேர் எண்ணியும் விடை மாறவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய உண்மை என்று அருணகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் கட்டளை ஓடவே இல்லை. தெரியாத விருப்பம் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு நின்றது. காரணத்தை வினோதினிதான் கண்டுபிடித்தாள். அவசரமான மனுக்கள் தனியாகத் தெரியட்டும் என்று கீதாஞ்சலி அன்று காலையில் ஒரு கோப்புறை தொடங்கி, அலுவலகக் கடிதங்களில் எழுதுவது போலவே முன்னும் பின்னும் கோடு போட்டு ‘-அவசரம்-’ என்று பெயர் வைத்திருந்தார்.

“மேடம், கோடு போட்டு ஆரம்பிச்சா அது பேர்னு இதுக்குத் தெரியாது. நம்ம ஏதோ உத்தரவு குடுக்கிறோம்னு நெனச்சுக்குது. அந்தக் கோட்டை மட்டும் எடுத்துட்டா போதும்.”

“நாப்பது வருஷமா கோடு போட்டுத்தாம்மா எழுதறோம். கோடு இல்லாத அவசரத்தை யார் மதிப்பாங்க?”

பிரச்சினை இணை இயக்குநரிடம் போனது. அவர் இருதரப்பையும் கேட்டுவிட்டு ஆணையிட்டார்: ‘அவசரம் என்பது அளவீட்டுக்கு இடையூறாக இருப்பதால், மறு உத்தரவு வரும் வரை இவ்வலுவலகத்தில் அவசரம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’ கோப்புறையைத் தூக்கினார்கள். கட்டளை ஓடியது. அறுநூற்றுப் பன்னிரண்டு.

ஐந்தாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, வினோதினி ஆபத்தான ஒரு காரியம் செய்தாள். சுற்றறிக்கையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்தாள். நான் நிற்கிற இந்த இடம் முழுவதும் என்பதுதான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம். திரையில் ஆயிரம் என்று வந்தது.

படித்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ‘சீ’ என்று தன் தலையிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். மறைந்திருப்பதையும் காட்டும்படி கேட்டாள். விழாக்களுக்கு மேலே, புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு கோப்புறை உட்கார்ந்திருந்தது. குப்பைத் தொட்டி. முந்நூற்று எண்பத்தெட்டு ஜிபி.

டெலிட் பொத்தான் எதையும் அழிப்பதில்லை. தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறது, அவ்வளவுதான். தொட்டியை யாராவது காலி செய்தால்தான் அழியும். தொட்டியின் படம் முன்பு கணினித் திரையின் மூலையில் இருந்தது. தூய்மை அலுவலகம் என்ற விருதுக்கு விண்ணப்பித்தபோது, அரசு அலுவலகத்தில் குப்பைத் தொட்டி தெரிவது அழகல்ல என்று சுப்பிரமணி அதை எடுக்கச் சொல்லிவிட்டார். விருது கிடைத்தது. தொட்டி உள்ளே இருந்து மூன்று வருடமாக நிரம்பிக்கொண்டே வந்திருக்கிறது.

அவள் திறந்து பார்த்தாள். மின்கம்பம் சாய்ந்த படம், நாய் கடித்த கால், கழிப்பறை இல்லாத மண்டபம், கன்றுக்குட்டி விழுந்த குழி. பதினோராயிரத்து நானூற்று முப்பத்திரண்டும் இருந்தன. தேடிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினாள். காசி என்ற பெயரில் பதினாறு பேர் மனு கொடுத்திருந்தார்கள். ஒன்பதாவது காசி தண்ணீரில் நடந்தபடி, “ஐயா, இதான்ங்கய்யா என் கொல்லி, மல்லாட்ட போட்ட எடம், பாத்துக்கோங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உடனே அதை மூடிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பதிவு செய்ததும் அவள்தானே.

விசாரணை ஏழாம் நாள் காலை கூடியது. அருணகிரி நடுவில், இந்தப் பக்கம் சுப்பிரமணி, அந்தப் பக்கம் கீதாஞ்சலி. வினோதினி நின்றுகொண்டிருந்தாள்.

“சார், எதுவும் காணாம போகல. எல்லாம் வட்டுக்குள்ளதான் இருக்கு. ஸ்டார் போட்டு எண்டர் தட்டினோம்னா, அளக்குற புரோகிராமுக்கு அந்த ஸ்டார் போறதே இல்ல. முன்னாடி ஷெல்னு ஒண்ணு நிக்குது. அது ஸ்டாரைப் பிடுங்கிட்டு, அந்த எடத்துல ஃபோல்டர் பேரையெல்லாம் லிஸ்ட் எழுதிக் குடுத்துடுது. புள்ளியில ஆரம்பிக்கிற பேரை லிஸ்ட்டுல சேக்காது. லிஸ்ட்டுல இருக்கறதைத்தான் இது அளக்கும்.”

“புரியல” என்றார் அருணகிரி. பெருமையாகத்தான் சொன்னார்.

“கல்யாணத்துல எத்தனை பேர் சாப்டாங்கன்னு எண்ணச் சொல்றோம்னு வெச்சுக்குங்க சார். எண்ணுறவர் பந்தியைப் பாக்கல. வாசல்ல நிக்கிறவர் குடுத்த பேர் லிஸ்ட்டை மட்டும் வெச்சு எண்ணுறாரு. சமையல்கட்டு வழியா வந்து ஒக்காந்தவங்க லிஸ்ட்டுல இல்ல. ஆனா சோறு தீந்துடுச்சு.”

கீதாஞ்சலிக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்ததால் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

சுப்பிரமணி மேசையைத் தட்டினார். “சுற்றறிக்கை பதினாலுல இன்னா போட்டிருக்கு? ஸ்டாருன்னா எல்லாம். எல்லாத்துலயும் வராதது எப்படிம்மா இருக்க முடியும்? நீ புள்ளி வெச்சுப் பாத்தேன்னு சொல்ற. சுற்றறிக்கையில புள்ளி இருக்கா?”

“இல்ல சார்.”

“இல்லாத புள்ளியை வெச்சு, இல்லாத எடத்துல, இல்லாததைப் பாத்திருக்க.”

அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பேசத் தொடங்கினால் எல்லோரும் குறிப்பெடுக்க வேண்டும். எடுத்தார்கள். “ஒரு அலுவலகம்னா அதுக்குப் பார்வை ஒண்ணு இருக்கணும். கண்ணுக்குத் தெரியறதையெல்லாம் பாக்குறதுக்குப் பேர் பார்வை இல்ல. எதைப் பாக்கணும்னு நாம முடிவு பண்றோமோ, அதை முழுசா பாக்குறதுதான் பார்வை. அந்த வகையில நாம எல்லாத்தையும் பாத்துட்டோம். நாம பாக்காதது எதுவும் இல்ல. இருந்தா பாத்திருப்போம்.” அந்த மாதிரி ஒரு கோப்புறை இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் வினோதினியை மட்டும் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

“எங்க, அதைக் காட்டு.”

காட்டினாள். அவர் நான்கைந்து மனுக்களைத் திறந்து பார்த்தார். நாய் கடித்த காலைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆய்வு அலுவலர் இளவரசன் வருகிறார். நூற்றுக்கு நூறு தீர்வு கண்டதற்கு மாநில அளவில் கேடயம் கொடுப்பதற்கான ஆய்வு.

“இத பாரும்மா. நீ நல்ல பொண்ணு. இந்தத் தொட்டியைக் காலி பண்ணிடு. ஒரு நிமிஷ வேலை. அந்தக் குறிப்பாணையை நான் கிழிச்சிடறேன். ஒப்பந்தம் பதினோரு மாசம் இல்ல, மூணு வருஷம்.”

மூன்று வருடம். மாதாமாதம் ஒன்றாம் தேதி, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, வீட்டுக்கு மேலே தகரத்தை மாற்றுவது எல்லாம் அந்த மூன்று வருடத்துக்குள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினால் தண்ணீரில் நிற்கும் அப்பா போய்விடுவார். அவரோடு பதினோராயிரத்துச் சொச்சம் பேரும் போவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் குறை சொன்னதற்கு இந்த உலகத்தில் சாட்சியே இருக்காது.

அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அலுவலகத்தில் எல்லோரும் தைரியம் வராதபோது என்ன செய்வார்களோ அதைச் செய்தாள்.

“எழுத்துல குடுத்துடுங்க சார்.”

அருணகிரி பேனாவை எடுத்தார். ‘மறைந்துள்ள’ என்று எழுதத் தொடங்கி நிறுத்தினார். அப்படி ஒன்று இல்லை என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இல்லாததை அழிக்கச் சொல்லி ஆணை போட முடியாது. சுப்பிரமணி உள்ளே அழைக்கப்பட்டார். அவர் இரண்டு நிமிடத்தில் வழி சொன்னார்.

“தனியா எதுக்கு சார் பேர் சொல்லணும்? எல்லாத்தையும்னு போட்டா அதுவும் அதுக்குள்ள வந்துடப் போவுது. வட்டு புதுசு மாதிரி ஆயிடும். வர்றவர் பாத்தாரு, சுத்தமா இருக்கு, போயிட்டாரு.”

“என் விழாப் படங்கள்?” என்றார் அருணகிரி.

“ஸ்டூடியோக்காரர்கிட்ட காப்பி இருக்கும் சார்.”

ஆணை பச்சை மையில் வந்தது: ‘வட்டிலுள்ள அனைத்தையும், சுற்றறிக்கை பதினான்கில் வரையறுக்கப்பட்ட உடுக்குறியை மட்டும் பயன்படுத்தி, எதையும் விட்டுவைக்காமல் உடனே நீக்குக.’

வினோதினி அதை இரண்டு முறை படித்தாள். உடுக்குறியை மட்டும். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் பொய்யே சொல்லிப் பழகாதவள், இப்போது உண்மையை மட்டும் எப்படிச் சொல்லாமலிருப்பது? “சார், ஸ்டார் போட்டு அழிச்சா புள்ளி ஃபோல்டர் போகாது. மத்ததெல்லாம்தான் போகும். அழிக்கற கமாண்டுக்கும் அதே லிஸ்ட்தான் சார் போவுது” என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதி, தபால் பிரிவில் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி ஒரு பக்கம். ஐயோ, கேட்டுத் தொலைத்துவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம்.

சுப்பிரமணி தாளை வாங்கிப் பார்க்காமலேயே கோப்பில் செருகினார். “திரும்பத் திரும்ப அதே பாட்டு. ஸ்டாருன்னா எல்லாம்மா. எல்லாம்னா எல்லாம்! அடி.”

அடித்தாள். இந்தக் கட்டளை அழித்ததைத் தொட்டியில் போடுவதில்லை. ஒரேயடியாகத் துடைத்துவிடும். திறப்பு விழா போனது. மறுதிறப்பு விழா போனது. மாடிப்படி, கேடயத்துக்கான விண்ணப்பம், சுற்றறிக்கைகள் ஒன்று முதல் நாற்பது வரை எல்லாம் போயின. சுப்பிரமணி உறுதி செய்துகொள்வதற்காகத் தன் கட்டளையைத் தானே அடித்தார். நட்சத்திரத்துக்கு மாற்றி எழுத ஒரு பெயர்கூட மிஞ்சாததால், ஷெல் அந்த நட்சத்திரத்தை அப்படியே உள்ளே அனுப்பியது. ‘நட்சத்திரம் என்ற பெயரில் இங்கே எதுவும் இல்லை’ என்று பதில் வந்தது.

“பாத்தியா, இயந்திரமே சொல்லுது. எதுவுமே இல்ல” என்றார் சுப்பிரமணி. அருணகிரி கையெழுத்துப் போட்டார். வினோதினி ஆணையையும், முத்திரை விழுந்த தன் தாளின் நகலையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் மணி பையைத் திறந்து பார்த்து, காகிதம்தானே என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை இளவரசன் வந்தார். ஆரத்தி எடுத்தார்கள். மாலையும் ஏலக்காய் டீயும் முடிந்ததும் கணினியின் முன் உட்கார்ந்தார். சுப்பிரமணி சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டினார். இளவரசன் அதைப் பார்க்காமல் மவுஸைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறம் நிரம்பியிருந்தது.

“காலின்னு சொன்னீங்க. முந்நூத்தி எண்பத்தெட்டு ஜிபி இருக்கே?”

அவர் இன்னும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். மறைந்திருந்தது வெளியே வந்தது. ஒரு மனுவைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார், நாய் கடித்த கால் வந்தது. “மத்த ஃபைலெல்லாம் எங்க? ஒரு சுற்றறிக்கைகூட இல்லியே?”

அருணகிரி வினோதினியை நோக்கிக் கை நீட்டினார். “இந்தப் பொண்ணுதான் சார். ஏற்கெனவே இது மேல குறிப்பாணை இருக்கு. எல்லாத்தையும் அழிச்சிடுச்சு.”

வினோதினி பையைத் திறந்து, பச்சை மை ஆணையையும், முத்திரை விழுந்த தன் எச்சரிக்கையின் நகலையும் மேசைமேல் வைத்தாள். இளவரசன் இரண்டையும் படித்தார். பிறகு அருணகிரியைப் பார்த்தார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அருணகிரி எழுந்து நின்றார். குரலில் நடுக்கமே இல்லை. “ஆமாம் சார், என் கையெழுத்துதான். இத்தனை வருஷமா மத்த ஆபீஸெல்லாம் விழாப் படங்களைப் பாதுகாத்து, மனுக்களைத் தொலைச்சாங்க. நாங்க விழாக்களைத் தியாகம் பண்ணிட்டு, மனுக்களை மட்டும் பாதுகாத்திருக்கோம். அதுவும் எப்படி? எங்க ஊழியர்களே பாக்க முடியாத எடத்துல. மூணு வருஷத்துல ஒரு மனுவைக்கூட யாரும் தொட்டதில்ல சார்.”

இளவரசனுக்கு அன்று மாலை ஆறு மணிக்கு ரயில். கையோடு கொண்டுவந்த கேடயத்தைத் திருப்பிக் கொண்டுபோனால் ஏழு படிவம் நிரப்ப வேண்டும். அறிக்கையில் ‘மனுக்களைத் தீண்டாமல் பேணிய முன்மாதிரி அலுவலகம்’ என்று எழுதினார். அடுத்த மாதமே அருணகிரி தரவுப் பாதுகாப்புக்காகப் பதவி உயர்வில் சென்னைக்குப் போனார். சுப்பிரமணி சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்றை எழுதினார். அதில் புள்ளி மட்டுமே செல்லும், நட்சத்திரம் வைப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது.

வினோதினியின் குறிப்பாணை முறைப்படி முடித்துவைக்கப்பட்டது. ‘காணாமல் போன ஜிபி கிடைத்துவிட்டபடியாலும், காணாமல் போனதற்கோ கிடைத்ததற்கோ ஒப்பந்தப் பணியாளர் எவ்விதத்திலும் காரணமல்ல என்று தெரிவதாலும்.’ பதினோராயிரத்து நானூற்று முப்பத்திரண்டு மனுக்களை யாராவது படிக்க வேண்டும் என்பதால் ஒப்பந்தம் இன்னொரு பதினோரு மாதத்துக்கு நீண்டது. பதினோரு மாதம்தான். அவள் மூன்று வருடத்தை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். பிறகு மனுக்களைத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். இடம் மாறியதைக் கண்ட கணினி, தனக்குத் தெரிந்த கடமையைத் தானே செய்தது. மனு கொடுத்த எல்லோருக்கும் ஒரு செய்தி போனது.

காசி அப்போது கொல்லையில் முழங்கால் தண்ணீரில் குனிந்து டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செல்பேசி அடித்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘உங்கள் மனு தீர்க்கப்படவில்லை.’

சாயங்காலம் மகள் வண்டியை நிறுத்துவதற்குள் செல்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். இந்த மூன்று வருடத்தில் அவர் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

“வினோ, இத பாத்தியா! உங்க ஆபீஸ்ல யாரோ நம்ம கொல்லியை வந்து பாத்துட்டுப் போயிருக்காங்கம்மா!”